தரகர் நாவும் உரியவர் செவியும்

வாணிகம் செய்வோருக்குச் சரக்கு உண்டு, கோல் உண்டு, படி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்வதிலும் கொடுப்பதிலும் நேர்மை வழுவாத நெஞ்சினர் என அவர்களைப் போற்றுகிறது. அந்த நேர்மையை அளந்து பார்க்க இயலும். கோல் சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். படி குறைந்தால் கைக்குத் தெரியும். தரகருக்கோ இவை ஏதும் இல்லை. விற்கப்படும் வீடு அவருடையதன்று. கொடுக்கப்படும் பணமும் அவருடையதன்று. அவரிடம் உள்ளது சொல் ஒன்றே. ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கொண்டு சேர்ப்பதே அவர் தொழில். ஆதலின் அவர் தவறு செய்யும்போது, அத்தவறு பெரும்பாலும் சொல்லில் நிகழ்வதில்லை, சொல்லாமையில் நிகழ்கிறது.

‘கேள்’ என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் உண்டு என்பதை மாணவரும் அறிவர். வினவுதலும் கேட்டல், செவிமடுத்தலும் கேட்டல். வீடு வாங்க வந்தவர் தாம் தர விரும்பும் தொகையைச் சொன்னால், ‘இவ்வளவுக்குக் கேட்கிறார்’ என்பதே மக்கள் வழக்கு. வாங்குபவர் கேட்கிறார், அதை விற்பவர் கேட்க வேண்டும். இவ்விரு கேட்டலுக்கும் நடுவே தரகர் நிற்கிறார். முதற் கேட்டல் நிகழ்ந்தும் இரண்டாவது நிகழாமற் போகுமாயின், இடையில் அச்சொல் எங்கே தங்கிற்று? தங்க வைத்தவருக்கு அவ்வுரிமையை அளித்தவர் யார்? வீடு வாங்குவோரும் விற்போரும் மட்டுமே எண்ண வேண்டிய கேள்வியாக இது தோன்றலாம். எனினும் பிறருடைய செய்தியைக் கையில் வைத்திருக்கும் எவரும் எண்ண வேண்டிய கேள்வி இது.

பினாங்குத் தீவின் கீழைக் கரையில், ஜார்ஜ்டவுன் நகருக்குத் தெற்கே உள்ள ஜெலுத்தோங்கில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. மரத்தின் பெயரால் வழங்கும் ஊர் அது. ஒருபுறம் பழைய தரை வீடுகள், சந்தை, பட்டறைகள். மறுபுறம் கடலோர விரைவுச்சாலை. 1978 முதல் 1999 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்பால் சிங்கின் பெயர் தாங்கிய சாலையையொட்டி இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது இடைக்காலப் பாதுகாப்பும் முடிவுற்றது. ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008இல் அந்நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் அங்குள்ள கடைவீடுகளின் மதிப்பு ஏறியது. அந்த எல்லைக்கு வெளியே இருப்பினும் நகரை அடுத்த ஊராகிய ஜெலுத்தோங்கிலும், தந்தை காலத்தில் சிறு தொகைக்கு வாங்கிய வீடு மகன் காலத்தில் பெருஞ்சொத்தாகி நிற்கக் காணலாம்.

அவ்வீட்டை விற்க நேரும் முதியவர் தம் வாழ்நாளில் ஒருமுறையே வீடு விற்கிறார். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பர். சந்தை விலை அவருக்குத் தெரியாது. யார் யார் வந்து பார்த்தனர் என்பதும் தரகர் சொல்லித்தான் தெரியும். தரகருக்கோ அது அம்மாதத்தில் பார்க்கும் பல வீடுகளுள் ஒன்று. ஒருவருக்கு வாழ்நாள் நிகழ்ச்சியாக இருப்பது மற்றவருக்கு அன்றாட அலுவலாக இருக்கும் இடத்தில்தான் அறத்திற்கு வேலை மிகுதி. மருத்துவமனையிலும் வழக்குமன்றத்திலும் இதுவே நிலை.

ஜெலுத்தோங்கில் ஒரு தரை வீடு 800,000 ரிங்கிட் விலை சொல்லப்பட்டு விற்பனைக்கு வந்ததாகக் கொள்க. அதன் உரிமையாளர் கணவனை இழந்த மூதாட்டி. தரகர் தாமே ஓர் ஆளை அழைத்து வருகிறார். அவர் 720,000 ரிங்கிட்டுக்குக் கேட்கிறார். அன்று மாலையே வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த முகவர் தொலைபேசியில் அழைத்து, தம்மிடம் உள்ளவர் 750,000 தர அணியமாக இருப்பதாகச் சொல்கிறார். மலேசியாவில் வீட்டு விற்பனைக்கு முகவர் பெறக்கூடிய கட்டணத்திற்குச் சட்டம் விதித்த மேல்வரம்பு 3 விழுக்காடு. முதலாமவருக்கு விற்றால் 21,600 ரிங்கிட் முழுவதும் தம் நிறுவனத்திற்கே வரும். இரண்டாமவருக்கு விற்றால் 22,500 கிடைக்கும். ஆனால் அதை மற்ற நிறுவனத்தோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் மிஞ்சுவது 11,250. ஆக, உண்மையைச் சொல்வதால் தரகர் தரப்புக்கு 10,350 ரிங்கிட் இழப்பு. சொல்லாமல் விட்டால் மூதாட்டிக்குக் கட்டணம் போக 29,100 ரிங்கிட் இழப்பு. விழுக்காட்டுக் கணக்கில் கூலி தந்தால் விற்பவர் நலமும் தரகர் நலமும் ஒன்றாகிவிடும் என்று கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

இரண்டாம் முகவர் குறுக்கிடாத இடத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. இன்னும் சில வாரம் பொறுத்திருந்து விலையை 30,000 உயர்த்தினால் தரகருக்குக் கூடுதலாக வருவது 900 ரிங்கிட். அதிலும் நிறுவனத்தின் பங்கு போகப் பேரம் பேசிய பணியாளர் கைக்கு எட்டுவது ஒரு பகுதியே. அதற்காக வாரக் கணக்கில் அலைவதைவிட, கையிலிருக்கும் பேரத்தை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதே அவருக்கு ஆதாயம். ‘அக்கா, இந்த விலையை விட்டால் இனிமேல் கிடைக்காது’ என்ற அறிவுரை பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. (அக்கா, அண்ணன் என்னும் சொற்களுக்குத் தரகுத் தொழிலில் நேர்ந்த தேய்மானம் தனியே எழுதத்தக்கது.)

இனி, மறைக்கும் தரகர் என்ன செய்கிறார் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டாம் முகவரிடம், ‘பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமை பார்ப்போம்’ என்கிறார். பேச்சு நடப்பது உண்மை. திங்கட்கிழமை வரப்போவதும் உண்மை. மூதாட்டியிடம், ‘720,000க்கு ஒருவர் உறுதியாக இருக்கிறார், வங்கிக் கடனுக்கும் தடை இராது’ என்கிறார். அதுவும் உண்மை. சனிக்கிழமை கையொப்பம் ஆகிவிடுகிறது. சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தால் ஒன்றிலும் பழுதில்லை. ஆயினும் மூதாட்டி ஏமாற்றப்பட்டிருக்கிறார். அப்படியாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

இக்கேள்வி பழைமையானது. உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதற்கு நிகரான ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு நல்ல வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். பின்னால் வேறு பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் வழியில் கண்டிருக்கிறார். அதை ஊராரிடம் சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாவிட்டால் உயர்ந்த விலைக்கு விற்கலாம். சொல்ல வேண்டுமா? ஸ்தோயிக்க மரபைச் சேர்ந்த தயோசனிஸ், தம் ஆசான்களின் வரிசையில் வந்தவர், சொல்ல வேண்டியதில்லை என்றார். சரக்கின் குறையை மறைக்காமல் இருந்தால் போதும். தெரிந்ததெல்லாம் சொல்லியாக வேண்டும் என்பது கடமையன்று. சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது அவர் வாதம். அவர் மாணவராகிய அந்திபாதர் உடன்படவில்லை. மக்களுக்கு நலம் செய்யப் பிறந்தவன் அவர்களுக்குப் பயன்படும் செய்தியைத் தன் ஆதாயத்திற்காக அடக்கி வைக்கலாகாது என்றார். சிசரோ மாணவர் பக்கமே நின்றார்.

தயோசனிசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தெரிந்ததையெல்லாம் எல்லோரிடமும் சொல்லியே தீர வேண்டுமானால் உலகில் வாணிகமே நடவாது. அறிவுக்கும் உழைப்புக்கும் பயன் இராது. எனினும் தரகரின் செயலுக்கு அவ்வாதம் அரண் ஆகாது. ரோட்ஸ் வணிகர் விற்றது தம் சரக்கை. அவருக்குத் தெரிந்த செய்தி அவர் தம் கண்ணால் கண்டு தேடிக்கொண்டது. ஊரார் அவரைத் தம் ஆளாக அமர்த்தவுமில்லை. அவரிடம் கூலி பேசவுமில்லை. ஜெலுத்தோங் தரகரின் நிலை இம்மூன்றிலும் வேறுபடுகிறது. வீடு மூதாட்டியுடையது. 750,000 என்ற சொல் மூதாட்டியை நோக்கிச் சொல்லப்பட்டது. தரகர் அதன் வழித்தடம் மட்டுமே. அவர் கூலி பெறுவதும் அச்சொல்லைக் கொண்டு சேர்ப்பதற்காகவே. பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளும் அஞ்சற்காரர், ‘நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே’ என்றால் எவரும் ஒப்புவாரா? ஒருவர் கேட்ட விலை, கேட்கப்பட்ட அந்த நொடியிலிருந்தே விற்பவருக்கு உரியது. ஓர் இரவு அதை அடக்கி வைப்பதும் பிறர் பொருளைக் கையாள்வதே.

திருக்குறளில் இதற்கு இணையான ஒழுக்கம் ‘தூது’ என்னும் அதிகாரத்தில் உள்ளது. தமக்குக் கேடு வரினும் தம்மை விடுத்தவருக்கு நன்மை தேடித் தருபவரே தூதர் என்று அவ்வதிகாரம் முடிகிறது. மக்கள் பொதுவாகத் தரகரை நடுவு நிலைமையோடு சேர்த்தே எண்ணுகின்றனர். இரு தரப்புக்கும் பொதுவானவர் என்று கருதுகின்றனர். அது பிழை. விற்பவர் அமர்த்திய முகவர் விற்பவரின் தூதர். வாங்குபவரிடம் அவர் உண்மை பேசக் கடமைப்பட்டவர். ஆயினும் வாங்குபவரின் ஆள் அல்லர். இதை வாங்க வருவோரிடம் முதலிலேயே வெளிப்படச் சொல்லிவிடும் முகவர் பாதி அறத்தைச் செய்து முடித்தவராவார். சொல்லாமல் இனிக்க இனிக்கப் பேசி, ‘உங்களால் எவ்வளவு வரை போக முடியும், என்னிடம் சொல்லுங்கள்’ என்று வாங்குபவரின் உள்ளக்கிடக்கையை அறிந்துகொள்பவர் தூதர் நிலையிலிருந்து ஒற்றர் நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

சட்டமும் இதைக் காணாமல் இல்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. முகவர் கடமைகளைக் கூறும் பகுதியில் இந்தியச் சட்டம் சிறு கதைகள் போன்ற விளக்கங்களைத் தருகிறது. தம் தோட்டத்தை விற்றுத் தருமாறு ஒருவர் முகவரிடம் ஒப்படைக்கிறார். அந்நிலத்தில் கனிமம் இருப்பதை முகவர் கண்டறிந்து, அதைச் சொல்லாமல், தாமே வாங்கிக்கொள்ள உரிமையாளரின் இசைவைப் பெறுகிறார். பின்னர் உண்மை வெளிப்பட்டால் உரிமையாளர் அவ்விற்பனையைத் தள்ளவும் செய்யலாம், கொள்ளவும் செய்யலாம். இங்கும் முகவர் பொய் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

இதைவிட நெருங்கியது, இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற கெப்பல் – வீலர் வழக்கு. ஒரு குடியிருப்புக் கட்டடத்திற்கு 6,150 பவுண்டுக்கு ஒருவர் கேட்க, ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு உட்பட்டு உரிமையாளர் இசைந்தார். ஒப்பந்தம் எழுதுமுன் வேறொருவர் 6,750 பவுண்டுக்கு வந்தார். முகவர்கள் அதை உரிமையாளரிடம் சொல்லவில்லை. முதலில் வந்தவருக்கு விலை பேசி முடித்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணினர். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஏற்படும்வரை வரும் மேலான விலையைத் தெரிவிப்பது முகவரின் கடமை என்று நீதிமன்றம் கூறி, இடைப்பட்ட தொகையை ஈடுசெய்யப் பணித்தது. ஆயினும் அவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதால் தரகுக் கூலியைப் பறிக்கவில்லை. அறியாமல் செய்த தவற்றையும் அறிந்து செய்த வஞ்சத்தையும் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது.

இவ்விடத்தில் எளிதில் விடை காண முடியாத ஒரு சிக்கல் எழுகிறது. முதலில் கேட்டவரின் நிலை என்ன? அவரும் நம்பியவர்தாம். பினாங்கில் வழக்கமாக வாங்குபவர் விலை குறித்த படிவத்தில் கையொப்பமிட்டு, விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை முன்பணமாக முகவர் நிறுவனத்திடம் செலுத்துகிறார். விற்பவர் இசைந்து கையொப்பமிட்டபின், இரண்டு மூன்று வாரங்களில் வழக்குரைஞர் முன் விற்பனை ஒப்பந்தம் எழுதப்படுகிறது. இந்த இடைக்காலத்தில் கூடுதல் விலைக்கு ஒருவர் வந்தால் முகவர் சொல்ல வேண்டுமா? சொன்னால் விற்பவரைச் சொல் தவறத் தூண்டியதாகாதா என்று மனச்சான்று உள்ள முகவர்களும் தயங்கக்கூடும். அத்தயக்கம் மதிக்கத்தக்கது, ஆயினும் அதன் முடிவு பிழையானது. விற்பவர் கையொப்பமிடுமுன் வந்த எந்த விலையையும் மறைக்க முகவருக்கு வழியே இல்லை. கையொப்பத்திற்குப் பின் வந்தால், வந்த செய்தியையும் சொல்ல வேண்டும். கையொப்பத்தின் பொருளையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பின்வாங்கினால் முன்பணத்தைத் திருப்புவதோடு அதற்கு ஈடான தொகையையும் இழக்க நேரலாம் என்று பல படிவங்களில் எழுதியிருப்பதையும், எழுதாவிட்டாலும் கொடுத்த சொல் சொல்லே என்பதையும் எடுத்துரைக்கலாம். முடிவு விற்பவருடையது. அவர் நல்லவராக இருப்பார் என்று நம்பாமல் செய்தியையே மறைத்துவிடும் முகவர், அவர் தம் சொல்லைக் காத்து நிற்கும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகிறார். கூடுதல் பணம் கண்ணெதிரே வந்து நிற்கும்போதுதான் வாய்மைக்குச் சோதனை. அச்சோதனையை மூதாட்டிக்குப் பதிலாகத் தரகர் எழுதிவிட முடியாது.

வாங்குபவரை ஏய்க்கும் வழியும் உண்டு. அது இன்னும் பழையது. சிசரோ அதே நூலில் சிராக்கூசு நகரத்துப் பித்தியுசு என்னும் வட்டிக்கடைக்காரரின் கதையைச் சொல்கிறார். தம் கடலோரத் தோட்டத்தை விற்க விரும்பிய அவர், வாங்க வரும் கானியுசை விருந்துக்கு அழைத்துவிட்டு, அன்று அவ்விடத்தில் வந்து மீன்பிடிக்குமாறு மீனவர்களை ஏவினார். கரையெங்கும் படகும் மீனும் கண்ட கானியுசு கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்கினார். மறுநாள் ஒரு படகும் இல்லை. ‘இன்னும் இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்’ என்று இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவோர் பித்தியுசின் வழித்தோன்றல்களே. இதில் ஆராய ஒன்றுமில்லை; இது வெறும் பொய்.

ஆராய வேண்டியது வேறொன்று. சில வேளைகளில் தரகர் ஒருவரது விலையை உரியவரிடம் சேர்ப்பிக்காமல் விடுவதற்குக் காரணம் கூலிக்கணக்கன்று, கேட்டவரின் இனம். வாடகை வீடு தேடிய இந்தியர் பலர் இதை நன்கு அறிவர். இன்னாருக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதிய காட்சிகளும் நாட்டில் காணாதவை அல்ல. உரிமையாளர் அப்படிச் சொன்னாராயின் அது ஒரு குறை. சொல்லாதபோதும், ‘அவர் விரும்பமாட்டார்’ என்று தரகரே முடிவு செய்துகொண்டு, கேட்டவரிடம் ‘வீடு போய்விட்டது’ என்று சொல்லிவிடுவது அதனினும் இழிந்தது. இல்லாத வெறுப்பை உரிமையாளர் தலையில் ஏற்றி, அவர் வாயால் சொல்லாததை அவர் பெயரால் செய்வது அது. ஒரு மனிதரிடம் உள்ள நல்லெண்ணத்தை அவர் அறியாமலே அழித்துவிடும் இச்செயலுக்கு எந்த விழுக்காட்டாலும் ஈடு கணக்கிட முடியாது.

1981ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெறாதோர் இத்தொழிலைச் செய்வதைத் தடை செய்கிறது. வாங்குபவரின் முன்பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும்; பேரம் பேசும் பணியாளர் இரண்டு நாள் வகுப்புக்குச் சென்று, ஒரு நிறுவனத்தின் கீழ்ப் பதிந்து, அடையாள அட்டை பெற வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகள். பணத்தைக் கையாடினால் கணக்கில் தெரிந்துவிடும். ஆனால் சொல்லப்படாத விலைக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கே தாம் பாதிக்கப்பட்டது தெரியாத குற்றத்தை எந்த வாரியம் விசாரிக்கும்? முறையீடு செய்ய ஒருவர் வேண்டுமே! அதனால் விற்பவர் தாமே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். வீட்டை ஒப்படைக்கும் அன்றே, வருகிற ஒவ்வொரு விலையையும், கேட்டவர் எந்த முகவர் வழியாக வந்தார் என்பதையும், நாளும் நேரமும் குறித்து அன்றன்றே புலனத்தில் அனுப்புமாறு எழுத்தில் கேட்டு வாங்கலாம். நேர்மையான முகவருக்கு அது சுமையன்று. நாளை எழக்கூடிய ஐயத்திலிருந்து அவரைக் காக்கும் சான்றுமாகும்.

அவ்வழக்கம் இல்லாத இடத்தில் நடப்பது வேறு. 750,000க்குக் கேட்டவர், தாம் கேட்ட விலையை உரிமையாளர் மறுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு அவ்வீட்டைக் கடந்து வேலைக்குப் போகிறார். 720,000க்கு விற்றுவிட்ட மூதாட்டி, அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை என்றே தம் பிள்ளைகளிடம் தொலைபேசியில் சொல்கிறார். ஜெலுத்தோங் சந்தையில் ஒரே மீன்கடை முன்னால் இருவரும் அடுத்தடுத்து நிற்கவும் கூடும். ஒருவரையொருவர் அவர்களுக்குத் தெரியாது.